நார்விக்குக்கு வடக்கே ரயில் இல்லை

எங்கட ஆக்கள் லீவுக்கு எங்கே போவார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லண்டனில் ஒரு சாமத்தியவீடு, ரொறன்ரோவில் ஒரு கலியாணம், பாரிசில் லாச்சப்பல், நேர்த்தி இருந்தால் லூர்து மாதா. எங்கே போனாலும் இறங்குகிற வீட்டில் இடியப்பமும் சொதியும் இருக்கும். நான்கு நாள் இருந்து, நாற்பது பேரின் சுகம் விசாரித்து, பையை நிரப்பிக்கொண்டு திரும்பி வருவோம். இதில் குறை ஒன்றும் இல்லை. சொந்தம் சிதறிப்போன சனத்துக்கு லீவு என்பது சொந்தத்தைப் பொறுக்கிச் சேர்க்கிற வேலைதான்.

ஆனால் 2024 ஆனி மாதம் நான் போன பயணத்தை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஃப்ரிபூர்க்கிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் காரிலுமாக ஐரோப்பாவின் வடக்கு விளிம்புக்குப் போனேன். விமானம் இல்லை, ரூர் கொம்பனி இல்லை, கூட ஒருவரும் இல்லை. கிச்சினில் கூட வேலை செய்கிற போர்த்துக்கல்காரன் "அங்கே என்ன இருக்கு?" என்று கேட்டான். "ஒன்றும் இல்லை என்று சொல்கிறார்கள், அதைத்தான் பார்க்கப் போகிறேன்" என்றேன். பழைய நகரத்து ரெஸ்ரோறன்ற் ஒன்றில் பதினான்கு வருசமாகப் பாலாடைக்கட்டிச் சட்டி கழுவுகிறவனுக்கு (குரூயேர் பாதி, வஷ்றன் பாதி, காய்ந்தால் சீமெந்து மாதிரி ஒட்டும்) இரண்டு கிழமை ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்க்கும் ஆசை வந்தால் அது பெரிய பாவமா?

உண்மையில் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, படிப்பு. யாழ் பல்கலைக்கழகத்தில் நான் புவியியல் படித்தனான். மூன்றாம் வருசத்தில், 2006 ஓகஸ்டில், ஏ-9 பாதை பூட்டுப்பட்டது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கிளியரன்ஸ் எடுத்து, கப்பலில் திருகோணமலை போய், கொழும்புக்கு வந்ததோடு என் பட்டம் முடிந்தது. தண்டரா, ஊசியிலைக் காடு, நுழைகழி, பனியாற்றுப் பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளைப் படத்தில் பார்த்து, பரீட்சைக்குப் படம் கீறிப் பெயர் குறித்த ஆள் நான். அவற்றில் ஒன்றையாவது கண்ணால் பார்க்கவேணும் என்று இருந்தது.

மற்றக் காரணம் பெரியம்மாவின் மகன். அவரை நான் அண்ணை என்றுதான் இங்கே எழுதுவேன். எங்கள் ஊர் மயிலிட்டி. அண்ணை 1988இல் நோர்வேக்குப் போனவர், அப்போது எனக்கு ஆறு வயது. அன்று முதல் அவர் வடக்கே ஃபின்மார்க் மாகாணத்தில், போட்ஸ்ஃபியூர் என்ற மீன்பிடி ஊரில் இருக்கிறார். பிள்ளைகள் ஒஸ்லோவில். 2024 மாரியோடு அவரும் ஒஸ்லோவுக்குப் போய்விடப் போவதாகச் சொன்னார். "வாறதெண்டால் இந்தக் கோடைக்குள்ள வா. பிறகு வந்தால் இஞ்ச குளிர் மட்டும்தான் இருக்கும்" என்றார்.

எங்கள் தலைமுறைக்கும் ரயிலுக்கும் உள்ள உறவைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லவேணும். 1990இல் வடபகுதி ரயில் நின்றபோது எனக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு நாங்கள் கண்டது கோச்சி இல்லாத தண்டவாளம். கொஞ்சக் காலத்தில் அதுவும் இல்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குக் கூரையாகப் போய்விட்டன. யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்ரோபரில். அப்போது நான் ஃப்ரிபூர்க்கில், கைத்தொலைபேசியில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்தேன்.

நீண்ட பயணம் செய்யாதவன் என்று சொல்ல முடியாது. கொழும்பிலிருந்து சுவிஸ் வர எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அதில் லொறிக்குள் இருந்த பகுதி எந்த நாடு என்று இன்றைக்கும் தெரியாது. புவியியல் படித்தவன் தான் கடந்த நாட்டின் பெயர் தெரியாமல் வந்து சேர்ந்தேன். ஏஜென்ற் இறங்கு என்றால் இறங்கவேணும், படு என்றால் படுக்கவேணும். வெளியே மலையா, வயலா, மழையா என்று பார்க்க யன்னல் இல்லை. எங்களில் கனபேரின் கதை இதுதான். ஆயிரமாயிரம் கிலோமீற்றர் வந்தோம், வழி ஒன்றையும் காணவில்லை.

அதனால் இந்தமுறை வழியைப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். இன்ரர்ரெயில் பாஸ் எடுத்தேன். பாஸ்போட் எந்த நாட்டுடையது என்பது இதற்குப் பிரச்சினை இல்லை, ஐரோப்பாவில் வதிவிட உரிமை இருந்தால் போதும். என்னிடம் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் பயணப் புத்தகம். எல்லா நாட்டுக்கும் செல்லும், சொந்த நாட்டுக்கு மட்டும் செல்லாது. உலகத்தில் வேறு யாருடைய புத்தகமும் இப்படித் தலைகீழாக இருக்காது.

முதல் நாள் பேர்ண், பாசல், ஹம்பேர்க். பாசல் தாண்டியதும் ஜேர்மன் பொலிஸ் ஏறி, பெட்டியில் இருந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தது. அதிசயம் ஒன்றும் இல்லை. நீலப் புத்தகத்தைப் புரட்டி "எங்கே போகிறீர்?" என்றார் ஒருவர். "நோர்வேயின் வடக்கு முனைக்கு." "வேலைக்கா?" "பார்க்க." அவர் என்னை ஒருக்கால் நிமிர்ந்து பார்த்தார். நல்ல பயணம் என்று சொல்லிப் புத்தகத்தைத் தந்தார். அகதி ஒருவன் "பார்க்க" என்று சொல்வது அவருக்குப் புதிதாக இருந்திருக்கலாம். எனக்கும் அந்தச் சொல் வாய்க்குப் புதிதாகத்தான் இருந்தது.

ஹம்பேர்க்கில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு இரவு (இடியப்பம், சொதி). அடுத்த நாள் கொப்பன்ஹேகன். அங்கிருந்து 2000இல் திறந்த ஊரசுண்ட் பாலத்தால் கடல் தாண்டினால் சுவீடன். மால்மோவுக்கு முந்தின தரிப்பில் மறுபடியும் பொலிஸ், மறுபடியும் புத்தகம். பிறகு ஸ்ரொக்ஹோம். அங்கே பின்னேரம் ஏறினால் அடுத்த நாள் மத்தியானம் போல நார்விக்கில் இறக்கிவிடுகிற இரவு ரயில் இருக்கிறது. ஆறு பேர் படுக்கிற பெட்டியில் மேல்தட்டு எனக்கு.

இரவு என்று சொன்னது பழக்கத்தில். இரவு வரவில்லை. பதினொரு மணிக்கு வெளிச்சம், ஒரு மணிக்கு வெளிச்சம், மூன்று மணிக்கு வெயில். பைன், பேர்ச், சதுப்பு, ஏரி, திரும்ப பைன். அரைமணித்தியாலத்துக்கு ஒரு வீடுகூட இல்லாமல் ஓடுகிறது. சுவிசில் ரயிலில் போனால் மலை இல்லாத இடத்தில் வீடு இருக்கும், வீடு இல்லாத இடத்தில் மாடு நிற்கும். இங்கே கண்ணுக்கு ஒரு பிடிமானம் இல்லை. காலையில் ஆர்க்ரிக் வட்டத்தைக் கடந்தோம். அகலக்கோடு 66 பாகை சொச்சம். பரீட்சைத் தாளில் எத்தனை தரம் அந்தப் புள்ளிக்கோட்டைக் கீறியிருப்பேன். வெளியே கோடு ஒன்றும் தெரியவில்லை, கொசு தெரிந்தது.

கிருணா என்ற ஊரில் ரயில் கனநேரம் நிற்கும். உலகத்தின் மிகப் பெரிய நிலக்கீழ் இரும்புச் சுரங்கம் அங்கேதான். ஊருக்கு அடியிலேயே இரும்பு இருப்பதால் தோண்டத் தோண்ட நிலம் இறங்குகிறது. அதனால் ஊரையே பெயர்த்து சில கிலோமீற்றர் தள்ளி வைக்கிறார்கள். 1912இல் கட்டிய மரத் தேவாலயம், 672 தொன் எடை. அதைக் கழற்றாமல் அப்படியே சில்லுகளில் ஏற்றி, 2025 ஓகஸ்டில் இரண்டு நாளில் ஐந்து கிலோமீற்றர் நகர்த்தினார்கள். நான் திரும்பி வந்து ஒரு வருசத்துக்குப் பிறகு அதை நேரடி ஒளிபரப்பில் பார்த்தேன். அரசரே வந்து நின்றார். இடம்பெயர்வு என்றால் இப்படியும் இருக்கும் போல. எங்களை இடம்பெயரச் சொன்னபோது கோயிலைத் தூக்கிக்கொண்டு வர யாரும் சில்லு தரவில்லை. 1990 ஆனியில் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா கொண்டுவந்தது இரண்டு பை, ஒரு லாம்பு, என் கை.

ஆனால் கிருணாவிலும் அரசர் வந்து பார்க்காத ஒரு பக்கம் உண்டு. அந்த நிலம் சுரங்கத்துக்கு முன்னமே சாமி மக்கள் துருவமான் மேய்த்த நிலம். (சாமி என்பது அந்த இனத்தின் பெயர், எங்கள் சாமி இல்லை.) சுரங்கமும் ரயில்பாதையும் அவர்களுடைய மந்தை போகிற வழிக்குக் குறுக்கே விழுந்தன. ரயில் யன்னலால் பார்க்கிற எங்களுக்கு அது வனாந்தரம். மான் ஓட்டுகிறவனுக்கு அது வசந்தத்தில் போகிற பாதை, இலையுதிர்காலத்தில் வருகிற பாதை, குட்டி போடுகிற மேடு. வரைபடத்தில் வெறுமையாக இருக்கிற இடம் வாழ்கிறவனுக்கு வெறுமை இல்லை. கொழும்பிலிருந்து வருகிற ஒருவர் யாழ்தேவி யன்னலால் மாங்குளத்தைப் பார்த்து "எவ்வளவு அழகான காடு" என்று சொல்வார். அங்கே யாருடைய வயல் இருந்தது, எந்தப் பள்ளிக்கூடம் இருந்தது என்று ரயில் சொல்லாது.

கிருணா தாண்டினால் இந்தப் பாதையின் உச்சம். வலதுபக்கம் தோர்னெத்ரெஸ்க் என்ற நீண்ட ஏரி, ஆனி மாதத்திலும் அங்கங்கே பனிக்கட்டி மிதந்தது. இடதுபக்கம் மலைத்தொடரில் யாரோ பெரிய கரண்டியால் ஒரு வாய் அள்ளினதுபோல வட்டமான பள்ளம். பனியாறு அரித்த "யூ" வடிவப் பள்ளத்தாக்கு! பேராசிரியர் கரும்பலகையில் கீறினது அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்த சுவீடன் கிழவிக்கு நான் கையைக் காட்டிக் காட்டி விளக்கினேன். அவவுக்கு எத்தனை தரம் பார்த்த மலையோ, பொறுமையாகத் தலையாட்டினா. அபிஸ்கோ தேசியப் பூங்கா அந்த இடத்தில் 1909இலிருந்து இருக்கிறது, சுவிசின் தேசியப் பூங்காவைவிட ஐந்து வருசம் மூத்தது.

இந்த ரயில் எங்களுக்காகப் போட்டது இல்லை, இரும்புக்காகப் போட்டது. கிருணாவின் தாதை மாரியிலும் உறையாத நார்விக் துறைமுகத்துக்கு இறக்குவதற்கு. 1903இல் முறைப்படி திறந்தார்கள். இன்றைக்கும் எங்கள் ரயில் ஒதுங்கி நின்று தாது ரயிலுக்கு வழி விடுகிறது. 68 பெட்டி, முக்கால் கிலோமீற்றர் நீளம். 2023 டிசம்பரிலும் 2024 பெப்ரவரியிலும் தாது ரயில்கள் தடம்புரண்டு பாதை கிழமைக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. 1940இல் ஜேர்மன்காரரும் நேசநாட்டுக்காரரும் நார்விக்குக்காக அடிபட்டதும் இந்த இரும்புக்காகத்தான்.

பாதை போட்ட கூலிக்காரரைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. அவர்களுக்குச் சமைத்துப் போட்ட ஒரு பெண், கறுத்த தலைமயிர், "கறுப்புக் கரடி" என்று பட்டப்பெயர். இளவயதிலேயே இறந்துபோனாளாம். ஏரிக்கரையில் தூர்னேஹாம்ன் என்ற இடத்தில் கூலிக்காரரின் சின்ன மயானம் இருக்கிறது, அங்கே ஒரு வெள்ளைச் சிலுவையை அவளுடையது என்கிறார்கள். கதையில் எவ்வளவு உண்மை என்பதில் பல பேச்சு. ஆனால் பாதை கட்டிய பொறியியலாளர் பெயரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, சமையல்காரியின் பட்டப்பெயரைச் சொல்கிறார்கள். கிச்சின்காரன் என்ற முறையில் எனக்கு அது பெரிய திருப்தி.

எல்லை தாண்டியதும் ரயில் மலை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கும். 500 மீற்றருக்கு மேலிருந்து கடல்மட்டத்துக்கு, நாற்பது சொச்சம் கிலோமீற்றரில். கீழே நுழைகழி. நார்விக்கோடு தண்டவாளம் முடிகிறது. அதற்கு வடக்கே நோர்வேயில் பயணிகள் ரயில் கிடையாது. ஹிட்லர் கிர்கெனெஸ் வரை பாதை போட நினைத்து, சோவியத், யூகோஸ்லாவியக் கைதிகளைப் பனியில் வேலை வாங்கிச் சாகடித்தார். பாதை நார்விக்குக்கே வந்து சேரவில்லை. தெற்கிலிருந்து வருகிற நோர்வேயின் சொந்த ரயில் 1962இல் பூடோவோடு நின்றது, நின்றதுதான்.

இனி பஸ். நார்விக்கிலிருந்து த்ரோம்சோ நான்கு மணித்தியாலம். அடுத்த நாள் த்ரோம்சோவிலிருந்து அல்ற்றா, வழியில் இரண்டு இடத்தில் பஸ்ஸோடு சேர்த்து ஃபெரியில் ஏற்றினார்கள். ஊர்காவற்றுறைப் பாதை ஞாபகம் வந்தது, அதில் பஸ் மட்டும் ஏறவில்லை.

அல்ற்றாவில் கடற்கரைப் பாறைகளில் ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முன்னர் செதுக்கிய மான், படகு, மீன் தூண்டில் எல்லாம் இருக்கின்றன. 1985இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். இவ்வளவு பழைய நிலத்தில் பழைய வீடு ஒன்றைக் காண முடியவில்லை. எல்லாம் ஒரே மாதிரிப் பெட்டி வீடுகள். தங்கின விடுதிக்காரப் பெண்ணிடம் கேட்டேன். "எல்லாம் எரிந்துபோனது" என்றா.

1944 இலையுதிர்காலத்தில், செம்படை கிழக்கால் வர, ஜேர்மன் படை மேற்கே பின்வாங்கியது. பின்வாங்கும்போது ஃபின்மார்க்கையும் வட த்ரோம்சையும் எரித்துக்கொண்டு போனது. 10,000க்கு மேற்பட்ட வீடுகள், பள்ளிக்கூடம், படகு, தந்திக்கம்பம் வரைக்கும். ஹமர்ஃபெஸ்ட்டில் மயானத்துச் சிற்றாலயம் ஒன்றுதான் மிஞ்சியது, ஹொன்னிங்ஸ்வோகில் தேவாலயம் ஒன்றுதான். ஏறத்தாழ 50,000 பேரைப் பலவந்தமாகத் தெற்கே ஏற்றினார்கள். ஏற்றப்படாமல் ஒளித்தவர்களில் பலர் அந்த மாரியைக் குகையிலும் புல்மண் குடிலிலும் கவிழ்த்த படகுக்குக் கீழேயும் கழித்தார்கள். சூரியன் எழும்பாத மாரி அது.

விடுதிக்காரி சொல்லிக்கொண்டு போக நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கவிழ்த்த படகு என்றதும் எனக்கு வேறொரு கடற்கரை வந்தது. 2009இல் என் அக்கா குடும்பம் வன்னிக்குள் இருந்தது. அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஆனால் அவ சொன்ன அடுத்த விசயத்தை எழுதவேணும். 1945 மேயில் யுத்தம் முடிந்தது. கண்ணிவெடி இருக்கிறது, வீடு இல்லை, இப்போதைக்குத் திரும்ப வேண்டாம் என்று நோர்வே அரசு தடுத்தது. சனம் கேட்கவில்லை. அந்தக் கோடையிலேயே படகிலும் நடந்தும் திரும்பி வந்து, எரிந்த அத்திவாரத்துக்குப் பக்கத்தில் குடில் போட்டு இருந்துவிட்டது. அரசுக்கு வேறு வழி இல்லாமல் வீடு கட்டிக் கொடுத்தது. அந்தப் பெட்டி வீடுகள் அப்படி வந்தவைதான். நாங்கள் மயிலிட்டித் துறைமுகத்தைத் திரும்பக் கண்டது 2017 ஆடியில். 27 வருசம். வலிகாமம் வடக்கில் இன்னும் விடாத காணி இருக்கிறது. ஃபின்மார்க் சனம் எங்களைவிடத் துணிஞ்ச சனம் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு முன்னால் அவர்களுடைய அரசு நின்றது, எங்களுக்கு முன்னால் முட்கம்பி நின்றது.

அடுத்த நாள் கரசியோக். சாமிகளின் பாராளுமன்றம் அங்கே இருக்கிறது, 1989இல் தொடங்கியது. அதற்கு முன்னால் அல்ற்றா ஆற்றில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து அவர்கள் 1979இல் ஒஸ்லோ பாராளுமன்றத்துக்கு முன்னால் உண்ணாவிரதம் இருந்தார்கள். அணை கட்டப்பட்டது. ஆனால் அந்தச் சண்டையில்தான் பாராளுமன்றமும் வந்தது. பள்ளிக்கூடங்களில் அவர்களுடைய மொழியை அடக்கிய காலத்துக்காக 1997இல் அரசர் மன்னிப்புக் கேட்டார். உண்மை ஆணைக்குழு 2023 ஆனியில் அறிக்கை கொடுத்தது. எங்களுக்குச் சமாதானம் பேச வந்த நோர்வேக்கு இப்படி ஒரு சொந்தக் கணக்கு இருந்தது என்று 2002இல் எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கரசியோக் பஸ் தரிப்பில் அண்ணை நின்றார். என்னை ஏற்ற ஏறத்தாழ 290 கிலோமீற்றர் கார் ஓடி வந்திருந்தார். 36 வருசத்துக்குப் பிறகு காண்கிறோம். கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். "சாப்பிட்டியா?" என்றார். பின்சீற்றில் புட்டும் மீன்குழம்பும் டப்பாவில் இருந்தது.

தானா ஆற்றோரமாகப் பாதை. எதிர்க்கரை பின்லாந்து. சல்மன் மீனுக்குப் பேர்போன ஆறு. மீன் குறைந்துபோனதால் 2021இல் பிடிக்கவே கூடாது என்று தடை போட்டார்கள். கரையில் நீண்ட மரப்படகுகள் கவிழ்ந்து கிடந்தன. அண்ணை காரை மெதுவாக்கி அவற்றைக் காட்டினார். "கரையில கிடக்கிற வள்ளத்தைப் பார்த்தால் எனக்கு வயித்துக்குள்ள ஏதோ செய்யும்" என்றார். மயிலிட்டிக்காரனுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

தானா தாண்டி, வளைவு வளைவாக ஏறினால் மரம் நின்றுவிடும். கல், பாசி, பனித்துண்டு, வானம். இரவு பதினொன்றரைக்கு வெயில் பக்கவாட்டில் அடிக்க, துருவமான் கூட்டம் ஒன்று பாதையை மறித்து நின்றது. ஹோர்ன் அடிக்கவில்லை, காத்திருந்தோம். இதுதான் தண்டரா. நான் இறங்கி நின்று பார்த்தேன். காற்றைத் தவிர ஒரு சத்தம் இல்லை. ஃபின்மார்க் சுவிஸைவிடப் பெரிய நிலம், இருக்கிற சனம் 75,000. என் வாழ்க்கையில் முதல்தரம் காட்டுவெளி ஒன்றில் ஒருவருக்கும் ஒளிக்காமல், ஒருவரையும் தேடாமல் நின்றேன். எங்களுக்குக் காடு என்றால் ஓடுகிற இடம், இல்லாவிட்டால் ஒளிக்கிற இடம். பார்க்கிற இடமாகவும் இருக்கலாம் என்று கால் அறிய அவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது.

போட்ஸ்ஃபியூர் ஒரு நுழைகழியின் அடியில் இருக்கிற சின்ன ஊர். துறைமுகம், மீன் தொழிற்சாலை, கொஞ்ச வீடு. எண்பதுகளின் கடைசியில் இந்தக் கரையோர ஊர்களுக்கு எங்கள் ஆட்கள் வந்தார்கள். கனபேர் முதலில் மக்கள் உயர்பாடசாலை என்ற படிப்புக்கு வந்தவர்கள். மீன் வெட்ட ஆள் இல்லை என்றதும் வடக்கே ஏறினார்கள். மீனால் எங்களுக்கும் நோர்வேக்கும் இருந்த தொடர்பு அதைவிடப் பழையது. 1956இல் நோர்வே வந்த அன்ரனி ராஜேந்திரம் பிறகு தொடங்கின சீநோர்தான் காரைநகரில் படகு கட்டியது, குருநகரில் வலை பின்னியது. அந்தத் தொழிலுக்கு இங்கிருந்து உதவி அங்கே போனது. பிறகு அங்கிருந்து ஆட்கள் இங்கே வந்தார்கள்.

தொழிற்சாலை வேலை எப்படி என்று கேட்டேன். எட்டு மணித்தியாலம் நின்ற நிலை, ஐஸ் தண்ணி, கத்தி. தோள் போகும், விரல் விறைக்கும். கொட் மீன், ஹடொக் மீன், மீண்டும் கொட் மீன். மாரியில் சூரியன் இரண்டு மாதம் வராது. ஆட்கள் நோவு என்று டொக்ரரிடம் போவார்கள், டொக்ரர் ஒன்றும் இல்லை என்பார். இதைப் பற்றி ஆன் சிக்ஃப்ரிட் குரொன்செத் என்ற நோர்வே மானிடவியலாளர் வடகரையில் எங்கள் ஆட்களோடு இருந்து ஆராய்ந்து 2010இல் ஒரு புத்தகமே எழுதினார். தனிமை உடம்பில் நோவாக வரும் என்பது அதன் சாரம். அண்ணைக்குப் புத்தகம் தெரியாது, நோவு தெரியும்.

"அப்ப ஏன் எல்லாரையும் போல ஒஸ்லோவுக்குப் போகேல்லை?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மீன் காயப்போடுகிற மரச்சட்டங்களுக்குப் பக்கத்தில் நின்றோம். இங்கே கொட் மீனுக்கு உப்புப் போடுவதில்லை, குளிர்காற்றிலேயே மாதக்கணக்கில் காயவிடுகிறார்கள். நல்லது இத்தாலிக்குப் போகும், தலை நைஜீரியாவுக்குப் போகும். மணம் மட்டும் எங்கள் கருவாட்டு வாடியின் மணம்தான்.

"காலமை எழும்பிக் கதவைத் திறந்தால் இந்த மணம் வரும்" என்றார். "ஒஸ்லோவில கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கதவு."

மயிலிட்டிக்குப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் நோர்வேப் பிரசை, போகலாம். 2018இல் போனாராம். "துறை இருக்கு. எங்கட வீடு நிண்ட இடத்தைக் கிணத்தை வைச்சுத்தான் பிடிச்சனான். சுத்தி ஒரே பத்தை. கூட வந்த பெடியன் சொல்லுறான், அண்ணை நல்ல இயற்கையான இடம் எண்டு." சொல்லிவிட்டுச் சிரித்தார். கனநேரம் சிரித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தேன்.

நான்கு நாள் நின்றேன். அவரிடம் மிஞ்சின இரண்டு தமிழ்க் குடும்பங்களும் வந்தன. தொழிற்சாலை மேசையில் இப்போது லித்துவேனியாக்காரர் நிற்கிறார்கள் என்றார்கள். அவர்களும் வீட்டுக்குக் காசு அனுப்புகிறார்கள், அவர்களும் தோள் நோவு என்கிறார்கள். கார்த்திகையில் அண்ணை வீட்டைக் கொடுத்துவிட்டு ஒஸ்லோவுக்குப் போய்விட்டார். வாங்கினது ஒரு லித்துவேனியக் குடும்பம். தோட்டத்தில் பிளாஸ்ரிக் கூடாரத்துக்குள் வளர்த்த வெந்தயக்கீரையை என்ன செய்வது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாராம்.

போக விரும்புகிற ஆட்களுக்குச் சில விசயம். இன்ரர்ரெயில் பாஸ் வதிகிற நாட்டுக்குள் வெளிக்கிடும்போது ஒருநாளும் திரும்பும்போது ஒருநாளும்தான் செல்லும். இரவு ரயிலுக்குத் தனியாகப் பதிவு செய்யவேணும், கோடையில் முந்திப் பதியுங்கள். நார்விக் பக்கம் போகும்போது வலதுபக்க யன்னலைப் பிடியுங்கள், ஏரியும் நுழைகழியும் அந்தப் பக்கம். கொசு நெற் கொண்டுபோங்கள், ஆர்க்ரிக்கில் கொசுவா என்று சிரிக்காதீர்கள். நோர்வேயில் சாப்பாட்டு விலை சுவிஸ்காரனையும் யோசிக்க வைக்கும், பிஸ்கட்டும் ரின் மீனும் பையில் இருக்கட்டும். நீலப் புத்தகக்காரர் வதிவிட அட்டையையும் கையில் வைத்திருங்கள், எப்படியும் உங்களிடம்தான் முதலில் வருவார்கள்.

எங்கே போகிறீர் என்று கேட்டால், பார்க்கப் போகிறேன் என்று சொல்லுங்கள். அதற்கும் எங்களுக்கு உரிமை இருக்கிறது. அங்கே போய் ஒன்றும் இல்லாத நிலம் ஒன்றைக் கண்டால், பக்கத்தில் இருக்கிறவரிடம் ஒருதரம் கேட்டுப் பாருங்கள், இங்கே முதலில் யார் இருந்தார்கள் என்று.